ஊதச் சொன்னார்கள், லைசன்ஸை வாங்கிக்கொண்டார்கள்: அடுத்து என்ன?

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில், பூந்தமல்லி, அம்பத்தூர் நீதிமன்றங்களில் வழக்கறிஞராக இருக்கும் பி பிளாக் உறுப்பினர் பேசியதன் எழுத்து வடிவம். கேள்வி நேரத்தில் அவர் சொன்ன சில பதில்களையும் பொருத்தமான இடங்களில் சேர்த்திருக்கிறோம்.)



தண்ணீர் லாரிக் கணக்கும் லிஃப்ட் பராமரிப்பும் பேசி முடித்து, எல்லோருக்கும் பசி எடுத்திருக்கிற நேரத்தில் செயலாளர் என்னை நிற்க வைத்திருக்கிறார். சாம்பார் வாசனை எனக்கும் வருகிறது. முடிந்தவரை சீக்கிரம் முடிக்கிறேன்.

இந்தத் தலைப்பை அறிவித்ததுமே நம் வாட்ஸ்அப் குரூப்பில் சண்டை வந்துவிட்டது. "குடித்துவிட்டு வண்டி ஓட்டினவனுக்கு எதற்கு சார் சட்ட ஆலோசனை? மூணு மாசம் வீட்டில் உட்காரட்டும்" என்று ஏ பிளாக் மேடம் எழுதினார். அவர் இதோ முன் வரிசையில்தான் இருக்கிறார். அவருடைய அண்ணனை சி.டி.எச். ரோட்டில் குடிபோதையில் வந்த ஒருவன் இடித்துவிட்டுப் போனது இங்கே பலருக்கும் தெரியும். இன்றும் அவர் ஒரு காலைச் சரியாக ஊன்ற முடியாமல்தான் நடக்கிறார். அதனால் மேடம் சொன்னதை நான் மறுக்கப் போவதில்லை. குடித்துவிட்டு ஓட்டினவர் தப்பிப்பதற்கு வழி சொல்ல நான் வரவில்லை. லைசன்ஸை முடக்குவதற்குச் சட்டம் ஒரு முறை வைத்திருக்கிறது. அந்த முறையில் நம் பக்கத்தைச் சொல்ல ஒரே ஒரு நல்ல வாய்ப்புதான் கிடைக்கிறது. பெரும்பாலானவர்கள் அது வந்ததுகூடத் தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

என்னுடைய தவறிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் சரக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு தம்பி 2022 கடைசியில் என்னிடம் வந்தான். இரவு சோதனையில் ஊதச் சொல்லியிருக்கிறார்கள், கருவி எல்லைக்கு மேல் காட்டிவிட்டது. "சார், நான் குடிக்கலை. சளிக்கு இருமல் மருந்து குடிச்சிட்டு அப்பதான் வண்டி எடுத்தேன்" என்றான். அன்று எனக்குக் கையில் ஏழெட்டு வழக்குகள். இந்த மாதிரிக் கதையை வாரத்துக்கு நாலு முறை கேட்கிறவன் நான். "பத்தாயிரத்தைக் கட்டிட்டு வா தம்பி. கேஸ் நடத்தினா வாய்தா வாய்தாவா அலையணும், உன் சம்பளம்தான் போகும்" என்றேன். அவனும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டிவிட்டான். பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. "அதான் ஃபைன் கட்டியாச்சே" என்று போகாமல் இருந்துவிட்டான். மூன்று மாதம் லைசன்ஸ் முடங்கியது. முதலாளி நல்லவர், அந்த மூன்று மாதமும் அவனைக் குடோனில் வேலைக்கு வைத்துக்கொண்டார்.

அடுத்த வருடம் மைத்துனன் கல்யாணத்துக்குப் போனவன் உண்மையாகவே குடித்துவிட்டு பைக்கை எடுத்தான். மறுபடி மாட்டினான். இந்த முறை எந்த வாதமும் இல்லை, அவனும் மறுக்கவில்லை. ஆனால் இது இரண்டாவது குற்றம். முதல் முறை என்றால் மூன்று மாத முடக்கம். இரண்டாம் முறை என்றால் லைசன்ஸே ரத்து. அப்போதுதான் நான் அவனுடைய பழைய கட்டைத் தூசி தட்டி எடுத்துப் பார்த்தேன். முதல் முறை கருவி காட்டிய அளவு 33. எல்லை 30. ஒரே ஒரு முறைதான் ஊத வைத்திருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனை இல்லை. இருமல் மருந்தோ மவுத்வாஷோ வாயில் பட்ட சில நிமிடங்களில் ஊதினால், ரத்தத்தில் ஒன்றுமே இல்லாமல் வாயில் ஒட்டியிருக்கிற ஆல்கஹாலையே கருவி எடுத்துக்காட்டிவிடும். கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொல்லியிருந்தால் சைபர் வந்திருக்கலாம். வந்திருக்கும் என்று சொல்லவில்லை, வந்திருக்கலாம். அந்தச் சீட்டை முதல் நாளே கேட்டு வாங்கிப் பார்த்திருக்க வேண்டியவன் நான். பார்க்கவில்லை. அந்தத் தம்பி இப்போது அதே குடோனில் மூட்டை ஏற்றுகிறான். என்னைப் பார்த்தால் இன்னும் "வணக்கம் சார்" என்கிறான்.

சட்டத்துக்கு வருகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவுப்படி, 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும் நிலையில் வண்டி ஓட்டினாலோ, ஓட்ட முயன்றாலோ குற்றம். சிங்கப்பூரில் இந்த எல்லை 80. அங்கிருந்து லீவில் வரும் நம் வீட்டுப் பிள்ளைகள் "ஒரு பியர்தானேப்பா" என்று கார் சாவியைத் தொடுவது இதனால்தான். இங்கே கிடைக்கிற 650 மில்லி ஸ்ட்ராங் பியர் ஒரு பாட்டிலே சராசரி ஆளை 30-க்கு மேல் கொண்டுபோய்விடும். முதல் முறைக்கு 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அடுத்த முறைக்கு 15,000 ரூபாய், அல்லது இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். 2019 திருத்தத்துக்கு முன்பு, மூன்று வருடத்துக்குள் மறுபடி செய்தால்தான் அது 'இரண்டாவது' குற்றம். அந்த மூன்று வருடக் கணக்கைத் திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள்.

இந்தக் கடுமைக்குப் பின்னால் நம் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகளைத் தடுக்க அரசுகள் போதுமான நடவடிக்கை எடுக்கவில்லை என்று 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். அந்த வழக்கில்தான் 2014-இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. குடித்துவிட்டு ஓட்டுவது, சிக்னல் தாண்டுவது, போன் பேசிக்கொண்டு ஓட்டுவது போன்றவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் லைசன்ஸை முடக்க வேண்டும் என்று 2015-இல் எல்லா மாநிலங்களுக்கும் அந்தக் குழு அறிவுறுத்தியது. நம் சொந்தக்காரர்களுக்கு வருகிற நோட்டீஸின் பூர்வீகம் அதுதான். உடைந்த எலும்புகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு டாக்டர் தொடங்கி வைத்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

இப்போது அந்த இரவுக்கு வருவோம். பாடி மேம்பாலம் இறங்குகிற இடமோ, ஆவடியோ, கரையான்சாவடியோ, எங்கேயோ நிறுத்துகிறார்கள். சீருடையில் இருக்கும் காவல் அதிகாரி, சந்தேகப்படக் காரணம் இருந்தால் உங்களை ஊதச் சொல்லலாம். "நான் ஊத மாட்டேன், வக்கீலைக் கூப்பிடு" என்று வீராப்புப் பேசாதீர்கள். நியாயமான காரணம் இல்லாமல் மறுத்தால் அதையே உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம் என்று 205-ஆம் பிரிவு சொல்கிறது. ஊதுங்கள். ஊதுவதற்கு முன் புதுக் குழாய் மாட்டச் சொல்லுங்கள், கருவியில் சைபர் காட்டுகிறதா என்று பாருங்கள். மருந்தோ மவுத்வாஷோ எடுத்திருந்தால் அதை அங்கேயே சொல்லி, கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதக் கேளுங்கள். அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் "ரத்தப் பரிசோதனைக்கு நான் தயார்" என்று சொல்லுங்கள். இதையெல்லாம் குரலை உயர்த்தாமல் கேட்க வேண்டும். நம் ஆட்கள் கேட்கிற தோரணையிலேயே பாதி வழக்கு கெட்டுப்போகிறது.

கருவியிலிருந்து வரும் சீட்டை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நேரம், கருவியின் எண், அளவு, உங்கள் பெயர் இருக்கும். அந்தத் துண்டுச் சீட்டுதான் பின்னால் வரப்போகிற எல்லாவற்றுக்கும் ஆணிவேர்.

இது வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம். ஆனால் ஜாமீன் உங்கள் உரிமை. 202-ஆம் பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது: 185-இன் கீழ் கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் காவலிலிருந்து விட வேண்டும். அதனால் பிடித்த நேரம், ஸ்டேஷனுக்குக் கொண்டுபோன நேரம், ஆஸ்பத்திரி போனால் அந்த நேரம், மூன்றையும் வீட்டுக்கு மெசேஜ் போட்டு வையுங்கள். மெசேஜில் நேரம் தானாகப் பதிவாகிவிடும். பிறகு யாரும் மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது.

அங்கேயே பணம் கட்டி முடிக்கிற குற்றம் இது இல்லை. ஹெல்மெட் போடாததற்குக் கட்டுவது போல 185-க்கு ஸ்பாட் ஃபைன் கிடையாது, நீதிமன்றத்தில்தான் கட்ட முடியும். ரோட்டில் யாராவது கையில் பணம் கேட்டால் அது அபராதம் இல்லை. அதற்கு மேல் இந்த மைக்கில் நான் சொல்ல வேண்டியதில்லை.

லைசன்ஸை வாங்கிக்கொள்வார்கள். 2019 திருத்தத்தில் சேர்ந்த 206-ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவுப்படி, அதைப் பறிமுதல் செய்து ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்ப வேண்டும். கையில் ஒரு ரசீது தருவார்கள். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். மற்ற சில வழக்குகளில் இப்படி வாங்கிய ரசீதை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டலாம். இந்த ரசீதை வைத்துக்கொண்டு ஓட்டக் கூடாது, லைசன்ஸ் திரும்பி வரும்வரை ஓட்ட அனுமதி இல்லை என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. மறுநாள் காலையில் "ரசீதுதான் இருக்கே" என்று பிள்ளையை ஸ்கூலில் விட ஸ்கூட்டரை எடுக்காதீர்கள்.

அடுத்து நன்றாகக் கவனிக்க வேண்டியது. போலீஸ் லைசன்ஸைப் பறிமுதல் செய்யலாம், முடக்க முடியாது. முடக்கும் அதிகாரம் ஆர்.டி.ஓ.வுக்கும் நீதிமன்றத்துக்கும்தான். கொல்கத்தாவில் வேகமாக ஓட்டியதாக ஒரு பெண்ணின் லைசன்ஸைக் காவல் உதவி ஆணையர் ஒருவர் 90 நாள் முடக்கினார். 2022-இல் கொல்கத்தா உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது: பறிமுதல் செய்து அனுப்புவதோடு போலீஸின் வேலை முடிந்தது, முடக்குவது லைசன்ஸ் அதிகாரியின் வேலை என்று தீர்ப்பு. சென்னையில் அது கட்டாயத் தீர்ப்பு இல்லை என்றாலும், அதில் சொன்ன சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். ஆவடி காவல் ஆணையரகமோ சென்னை காவல்துறையோ, யார் பிடித்தாலும் கடைசியில் லைசன்ஸ் போய்ச் சேரும் இடம் ஆர்.டி.ஓ. அலுவலகம்.

ஆக, ஒரே இரவுக்கு இரண்டு பாதைகள். ஒன்று நீதிமன்றம்: அபராதம், சிறை சம்பந்தப்பட்டது. இன்னொன்று ஆர்.டி.ஓ.: லைசன்ஸ் சம்பந்தப்பட்டது. முதல் பாதையில் 10,000 ரூபாயைக் கட்டினால் இரண்டாவது பாதை மூடிவிடும் என்று நினைக்கிறோம். நடப்பது நேர் எதிர். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டிவிட்டு ஆர்.டி.ஓ.விடம் போய் "நான் குடிக்கவில்லை" என்றால் யார் நம்புவார்கள்? அந்தத் தம்பியின் விஷயத்தில் நான் கோட்டைவிட்டது இதைத்தான். உண்மையில் குடித்திருந்தால் ஒப்புக்கொண்டு கட்டுவதுதான் மரியாதை. குடிக்கவில்லை என்றால், அளவில் சந்தேகம் இருந்தால், அலைச்சலுக்குப் பயந்து ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஆர்.டி.ஓ. பாதையில் என்ன நடக்கும்? 19-ஆம் பிரிவுப்படி, உங்கள் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகே அதிகாரி முடிவெடுக்க வேண்டும். நான் ஆரம்பத்தில் சொன்ன அந்த ஒரே வாய்ப்பு இதுதான். விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். எங்கே வரும்? லைசன்ஸில் இருக்கும் முகவரிக்கு. நம் அபார்ட்மெண்டில் எத்தனை பேருக்கு லைசன்ஸில் இந்த முகவரி இருக்கிறது, கையைத் தூக்குங்கள் பார்ப்போம்... (சிரிப்பு) நான் நினைத்ததைவிடக் குறைவு. திருநெல்வேலி முகவரி, சேலம் முகவரி, கல்யாணத்துக்கு முன் இருந்த அம்மா வீட்டு முகவரி. நோட்டீஸ் அங்கே போகும், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பும். குறித்த நாளில் நீங்கள் வரவில்லை என்று எழுதி ஆணை போட்டுவிடுவார்கள். எல்லோரும் இந்த வாரமே பரிவாகன் தளத்தில் உள்ள சாரதி பக்கத்துக்குப் போய் முகவரி மாற்ற விண்ணப்பம் போடுங்கள். குடிக்காதவர்களும்தான். லைசன்ஸ் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் அதே தளத்தில் பார்க்கலாம். பறிமுதல் ஆனவர்கள் நோட்டீஸுக்காகக் காத்திருக்காமல் வாரம் ஒரு முறை பாருங்கள். அம்பத்தூர்க்காரர்கள் டி.என்.13, பூந்தமல்லிக்காரர்கள் டி.என்.12 அலுவலகத்துக்கு நேரிலேயே போய் விசாரிக்கலாம்.

விசாரணைக்குப் போகும்போது ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டு போங்கள். இந்த வழக்குகளுக்காக 2019-இல் சேர்த்த உட்பிரிவு அதிகாரிக்கு இரண்டே வழிதான் கொடுக்கிறது. உங்களை விடுவிக்கலாம், அல்லது விரிவான காரணங்களை எழுத்தில் பதிவு செய்து, முதல் குற்றத்துக்கு மூன்று மாதம் தகுதிநீக்கம், அடுத்ததற்கு லைசன்ஸ் ரத்து. நடுவில் ஒன்றும் இல்லை. "ஒரு மாசமாக் குறைச்சுக்குங்க சார்" என்று கெஞ்சுவதில் பயன் கிடையாது. குடும்பக் கஷ்டம், பிள்ளைகள் படிப்பு, பெரிய இடத்துச் சிபாரிசுக் கடிதம், எதுவும் அந்த மூன்று மாதத்தை இரண்டாக்காது. "அரசாங்கமே கடை நடத்துது, அரசாங்கமே ஊதச் சொல்லுது" என்று ஒருவர் என் முன்னாலேயே ஆர்.டி.ஓ.விடம் டாஸ்மாக் பற்றிப் பேசினார். நியாயமான கேள்விதான். கேட்க வேண்டிய இடம் சட்டசபை.

அப்படியானால் எதைச் சொல்வது? குற்றமே நிரூபணமாகவில்லை என்பதற்கான காரணங்களை மட்டும். சீட்டில் அளவு என்ன? 30-க்கு மேல் என்றால் எவ்வளவு மேல்? 33-க்கும் 133-க்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. சீட்டில் இருக்கும் நேரமும் வழக்கில் எழுதிய நேரமும் ஒத்துப்போகிறதா? கருவி கடைசியாக எப்போது அளவுத் திருத்தம் செய்யப்பட்டது? மறுபடி ஊதக் கேட்டும் மறுத்தார்களா? ரத்தப் பரிசோதனை நடந்ததா? வண்டியை ஓட்டியது நீங்கள்தானா, வண்டி உங்கள் பெயரில் இருப்பதால் மட்டும் உங்கள் மேல் வந்ததா? வெறும் வாசனை அடித்தது, தள்ளாடினார் என்பது மட்டும் குடிபோதைக்குப் போதுமான சான்று ஆகாது என்று 1971-லேயே உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கில் சொல்லியிருக்கிறது.

பதிலை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். என்ன ஆவணங்களை வைத்து நடவடிக்கை எடுக்கிறீர்களோ அவற்றின் நகல் வேண்டும் என்று முதல் பாராவிலேயே கேளுங்கள். மருந்துச் சீட்டு, கடை பில், மெசேஜ் எல்லாவற்றையும் இணையுங்கள். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாத பதில், கொடுக்காத பதில்தான். எப்படியும் முடக்கம் வரும் என்று தெரிந்தால், லைசன்ஸ் பறிமுதலான நாளிலிருந்தே மூன்று மாதத்தைக் கணக்கிடும்படி எழுத்தில் கேட்டு வையுங்கள். கேட்காவிட்டால் ஆணை போட்ட தேதியிலிருந்துதான் ஓடும். இடையில் போன வாரங்கள் வீண்.

ஆணை வந்துவிட்டது, ஒத்துக்கொள்ள முடியவில்லை என்றால், ஆணையின் நகல் கையில் கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். யாரிடம் செய்வது என்று ஆணையிலேயே இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அங்கேயே எழுதிக் கேளுங்கள். ஆனால் மேல்முறையீடு போட்டதாலேயே முடக்கம் நிற்காது. தனியாகத் தடை கேட்க வேண்டும். அது விசாரணைக்கு வருவதற்குள் பெரும்பாலும் மூன்று மாதம் முடிந்தே போயிருக்கும். "அப்புறம் எதுக்கு சார் மேல்முறையீடு?" என்று சி பிளாக் ஐயா கேட்கிறார். இரண்டாவது முறை ஒன்று எப்போதாவது வந்தால், இது முதல் குற்றமாக எண்ணப்படாமல் இருப்பதற்காக. வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர்களுக்கு அதுதான் முக்கியம். மூன்று மாதத்தைச் சமாளித்துவிடலாம், ரத்தானால் பிழைப்பே போய்விடும்.

நோட்டீஸே கொடுக்காமல், விசாரிக்காமல், காரணம் எழுதாமல் ஆணை போட்டிருந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். விபத்து வழக்குகளில், முதல் தகவல் அறிக்கை பதிவானதை மட்டும் வைத்து, குற்றம் நிரூபணமாகும் முன்பே பஸ் டிரைவர்களின் லைசன்ஸை முடக்கிய ஆணைகளைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ரத்து செய்திருக்கிறது. அந்தத் தீர்ப்புகள் உதவும். ஆனால் அவற்றையே நம்பி இறங்காதீர்கள். குடிபோதை வழக்குகளுக்கு 2019-இல் வந்த உட்பிரிவு தனி, அதில் தண்டனை வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று எழுதவில்லை. ரிட் மனுவுக்கு ஆகிற செலவையும் யோசித்துக்கொள்ளுங்கள். மூன்று மாத ஆட்டோ கட்டணம் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். வக்கீல் நானே சொல்கிறேன்.

முடக்கம் முடிந்த அன்றே லைசன்ஸ் தானாகக் கைக்கு வந்துவிடாது. புத்தாக்கப் பயிற்சி முடித்தால்தான் திருப்பித் தர வேண்டும் என்று திருத்தம் சொல்கிறது. முடக்கக் காலத்தின் நடுவிலேயே அலுவலகத்தில் கேட்டு, அதை முடித்து வையுங்கள். அந்த மூன்று மாதத்துக்குள் வண்டி ஓட்டிப் பிடிபட்டால் 182-ஆம் பிரிவு: மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும். அந்த நேரத்தில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வி லைசன்ஸ் எங்கே என்பதாகத்தான் இருக்கும். இன்சூரன்ஸ் என்றதும் இன்னொன்று. 30-க்குக் கீழே இருந்தால் கிளெய்ம் கிடைத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். ஊதிய அளவோ ரத்த அளவோ இல்லாவிட்டாலும், சூழ்நிலையை வைத்தே போதையில் ஓட்டினார் என்று இன்சூரன்ஸ் கம்பெனி நிரூபிக்கலாம் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

நண்பன் ஓட்டும் வண்டியில் பக்கத்தில் உட்காருகிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. 188-ஆம் பிரிவில், இந்தக் குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை. 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை, குடித்து ஓட்டுபவரோடு வருபவர் மேலும் வழக்குப் போடுவோம் என்று அறிவித்தது. "நான் ஓட்டலையே" என்பது அங்கே பதிலாகாது.

கேள்வி நேரத்தில் டி பிளாக் தம்பி கேட்டது எல்லோருக்கும் பயன்படும். "ராத்திரி ஒரு மணி வரைக்கும் பார்ட்டி. தூங்கி எழுந்து காலையில் ஏழு மணிக்கு ஷிப்ட்டுக்குப் போறேன். அப்பவும் மாட்டுவேனா?" மாட்டலாம் தம்பி. உடம்பு ஆல்கஹாலைக் கரைக்கிற வேகம் மணிக்கு ஏறத்தாழ 15 மில்லி கிராம்தான். ஒரு மணிக்கு 150 இருந்தால் காலை ஏழு மணிக்கு இன்னும் 60 இருக்கும். குளித்தாலும், மோர் குடித்தாலும், டபுள் ஸ்ட்ராங் காபி குடித்தாலும் அந்த வேகம் மாறாது. அம்பத்தூர் ஓ.டி. வரைக்கும் ஷேர் ஆட்டோவில் போய்விடு.

நான் சொன்னதெல்லாம் யாருக்கும் அடிபடாத வழக்குகளுக்கு மட்டும். யாருக்காவது காயமோ உயிரிழப்போ ஏற்பட்டிருந்தால் அது வேறு உலகம். லைசன்ஸ் பற்றிய பேச்சு அங்கே கடைசியில்தான் வரும். அப்படிப்பட்ட வழக்கில் இந்த ஒரு பக்கப் பதிலை எழுதிக்கொண்டு யாரும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போக வேண்டாம், நல்ல கிரிமினல் வக்கீலிடம் போங்கள்.

கூட்டம் முடிந்ததும் மேடம் என்னிடம் கேட்டார்: "சார், எங்க அண்ணனை இடிச்சானே, அவன் உங்ககிட்ட வந்திருந்தா இதையெல்லாம் சொல்லியிருப்பீங்களா?" சொல்லியிருப்பேன் மேடம். சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்திருப்பேன். அதில் 33 என்று இருந்தால் ஒரு பதில், 180 என்று இருந்தால் வேறு பதில். முன்பெல்லாம் நான் சீட்டைப் பார்க்காமலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பி பிளாக், இரண்டாவது மாடி. மாலை ஏழு மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன். நோட்டீஸ் வந்தால் வந்த அன்றே கொண்டு வாருங்கள். கருவிச் சீட்டு, ரசீது, மருந்துச் சீட்டு மூன்றும் வேண்டும். நம் சங்க உறுப்பினர்களிடம் பதில் எழுதிக் கொடுக்க ஃபீஸ் வாங்க மாட்டேன்.